நமீபின் மணல்மேட்டு வானம்பாடி

நமீப் பாலைவனத்துப் பறவைகளில் மணல்மேட்டு வானம்பாடிக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. பயண நூல்களின் அட்டையை வால்விஸ் பே காயலின் பூநாரைகள் பிடித்துக்கொண்டன. ஆவணப்படங்களைத் தலைகீழாக நின்று பனிநீர் குடிக்கும் வண்டு பிடித்துக்கொண்டது. வானம்பாடிக்கு மிஞ்சுவது ஒரு வரி: நமீபியாவின் எல்லைக்குள் மட்டுமே வாழும் ஒரே பறவையினம். அந்த வரியையும் பலர் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டிக்கொள்வதற்காகவே படிக்கிறார்கள்.

அதன் நாடு சிறியது. வடக்கே குய்செப், தெற்கே கோய்ச்சாப் என்ற இரண்டு வறண்ட ஆறுகளுக்கு நடுவிலுள்ள மணற்கடல்தான் அது. குய்செப்பில் வெள்ளம் வருவது ஆண்டில் சில நாள். வராத ஆண்டுகளும் உண்டு. வரும்போது, தெற்குக் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலை வாரிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் தென்கரையில் செம்மணல் மேடுகள், வடகரையில் சரளைச் சமவெளி. வானம்பாடியின் உலகமும் அந்தத் தென்கரையோடு முடிகிறது. கோய்ச்சாப்புக்குத் தெற்கே அதன் பங்காளியான பார்லோ வானம்பாடியும், அதற்கும் அப்பால் கரூ வானம்பாடியும் இருக்கின்றன. பீட்டர் ரயனும் உடன் ஆய்வாளர்களும் மரபணு, இறகு நிறம், பாட்டு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்லோவைத் தனி இனமாகப் பிரித்தது 1998இல்தான்.

இந்தக் கரையோரத்துக்கு மழை பெயரளவுக்குத்தான். குய்செப் கரையிலுள்ள கோபபெப் ஆய்வு நிலையத்தில் ஓர் ஆண்டில் பெய்வது, நல்ல ஊரில் ஒரு மாலை மழையில் பெய்துவிடும் அளவு. பெங்குவேலா குளிர் நீரோட்டத்தின் மேல் உருவாகும் மூடுபனிதான் இங்கே நம்பக்கூடிய நீர். இரவில் புறப்பட்டு, கடலிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் உள்ளே, சில நாட்களில் அதற்கும் அப்பால் நுழைந்து, வெயில் ஏறும்வரை நிற்கும். மணல்மேட்டுப் புல்லின் விறைத்த இலைகளில் பனி துளியாகத் திரண்டு, தண்டு வழியே வழிந்து அடியில் இறங்குகிறது. வேர்கள் ஆழம் தேடாமல் மேல்மணலிலேயே பல மீட்டர் பரவி அந்த ஈரத்தை உறிஞ்சுகின்றன. இந்தப் புல் பனிநீரால் வாழ்வதை கிதியோன் லோவும் மேரி சீலியும் 1980இல் எழுதினார்கள். நமீபின் பறவை ரசிகர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய கட்டுரை அது. அதில் பறவை ஒன்றும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

வானம்பாடி பனிநீர் குடிக்க அலைவதில்லை. தண்ணீர் தேடி ஆற்றுப்படுகைக்குப் போவதும் இல்லை. புல்லின் அடியில் மணலை அலகால் கிளறி விதையையும் வண்டையும் எறும்பையும் எடுக்கிறது. அந்த இரையில் உள்ள ஈரமே அதற்குப் போதும். பனி புல்லாகி, புல் விதையாகவும் பூச்சியாகவும் மாறி, அவை இரண்டும் பறவையாவது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. மூடுபனிப் பாலைவனத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் உயிரைப் பார்த்தால் போதும் என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாளை அது பங்கிட்டுக்கொள்ளும் விதமும் பார்க்கத் தகுந்தது. காலைக் குளிரில் திறந்த மணலில் துணிந்து ஓடும். வெயில் ஏற ஏறப் புற்கொத்துகளை நெருங்கும். மணலின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நடுப்பகலில் புல்லின் நிழலிலோ நாராப் புதரின் முள்ளடியிலோ ஒடுங்கிவிடும். நாரா என்பது இலையில்லாத முட்கொடி. குய்செப் கரையின் டோப்னார் மக்கள் தலைமுறைகளாக அதன் கனியை அறுவடை செய்கிறார்கள். பத்து மணிக்கு மேல் வந்து நின்று "பறவையே இல்லை" என்று திரும்புகிறவர்கள் தவறவிட்டது பறவையை அல்ல, நேரத்தை.

முதுகில் கோடோ புள்ளியோ இல்லாத ஒரே செம்மை; மார்பில் மட்டும் மெல்லிய கீற்றுகள். வானம்பாடிகளில் வேலைப்பாடு மிகுந்த இறகை விரும்புகிறவர்களுக்கு இது சப்பென்றிருக்கும். ஆனால் இரும்புத் துரு பூசிய அந்த மணலில் நின்று பார்த்தால், வேறெந்த நிறமும் மிகை என்று தோன்றிவிடும். பறவையைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிட மணல் உதவும். புற்கொத்துக்குப் புற்கொத்து கோர்த்துச் செல்லும் சிறு காலடித் தடங்களைத் தொடர்ந்தால், பெரும்பாலும் தடத்தின் நுனியில் பறவை நிற்கும்.

பாட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரே மாதிரியான சிறு தட்டல்கள் வரிசையாக எழுந்து, இடைவெளி குறுகக் குறுக வேகமெடுத்து, முடிவில் நீண்ட உருட்டலாகிவிடும். கரூ வானம்பாடி இந்த முன்னோட்டத்தை இரண்டு மூன்று தட்டல்களில் முடித்துக்கொள்ளும். மணல்மேட்டு வானம்பாடியோ அவசரப்படுவதில்லை. இதைச் சலிப்பான பாட்டு என்று எழுதியவர்கள் உண்டு. காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு பதிவாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். புதர் உச்சியிலோ மணல்மேட்டுக்கு மேலே பறந்தபடியோ அது பாடுவதை, எதிரொலிக்க எதுவுமே இல்லாத அந்த வெளியில் கேட்க வேண்டும்.

வடகரைச் சமவெளியின் கிரே வானம்பாடியே மேல் என்று வாதிடுகிறவர்களோடு சண்டை போட முடியாது. கூழாங்கல்லைவிட வெளிறிய அந்தப் பறவை பொழுது விடியுமுன் பாடுவது இப்பாலைவனத்தின் பெரிய செல்வங்களில் ஒன்று. வண்டுக் கட்சிக்கு மட்டும் ஒரு பதில் தேவை. ஒனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் என்னும் வண்டு மணல்மேட்டு விளிம்பில் தலைகுத்தி நின்று, முதுகில் திரளும் பனியை வாய்க்கு வழியவிடுவதை ஹாமில்டனும் சீலியும் 1976இல் விவரித்தார்கள். 2001இல் வேறொரு வண்டின் முதுகுப் புடைப்புகளைப் பற்றி வந்த ஆய்வு, நீர் பிடிக்கும் துணிகளையும் வலைகளையும் வடிவமைப்போருக்கு வேதமானது. 2010இல் சோதித்துப் பார்த்தபோது பனியில் அப்படித் தலைகுத்தி நின்றது வழவழப்பான முதுகுள்ள ஒனிமாக்ரிஸ்தான்; புடைப்புள்ள வண்டு நிற்கவில்லை. புகழ் போய்ச் சேர்ந்த இடம் தவறு.

பூநாரைகளும் உள்ளான்களும் நிறைந்த வால்விஸ் பே, சாண்ட்விச் ஹார்பர் இரண்டும் 1995இலிருந்து ராம்சார் ஈரநிலங்கள். அங்கே ஆயிரக்கணக்கில் நிற்கும் பெரிய பூநாரை கோடியக்கரையிலும் வந்து நிற்கும் அதே இனம். அழகுதான், ஆனால் அந்த அழகுக்கு இத்தனை தூரம் போக வேண்டியதில்லை. கரையில் பார்க்க வேண்டியது டமாரா ஆலா. உலகில் உள்ள அதன் கூடுகளில் மிகப் பெரும்பாலானவை நமீபியக் கரையோரத்தில்தான். சரளைத் தரையில் ஒரு சிறு குழி, அதில் பெரும்பாலும் ஒற்றை முட்டை.

ரசனையின் சரிவு தெரிவதும் இந்தக் குழிகளில்தான். பொழுதுபோக்குக்காகச் சமவெளியில் ஓட்டப்படும் நான்கு சக்கர பைக்குகளின் டயரில் முட்டைகள் நசுங்கின. வேலியிட்டு வண்டிகளைத் தடுத்த இடங்களில் குஞ்சு பொரிப்பது கூடியது. லைக்கன் படிந்த சரளையில் ஒருமுறை விழுந்த டயர்த் தடம் பல பத்தாண்டுகளுக்கு அழிவதில்லை. வானம்பாடியின் நாட்டிலும் கேடு உண்டு. பொறுமையாகத் தடம் பார்த்து நடந்த தலைமுறை போய், கைபேசியில் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்து, படமெடுத்து, அரைமணியில் கிளம்பும் பழக்கம் வந்திருக்கிறது. எதிரி வந்துவிட்டதென்று நம்பி ஆண்பறவை இரை தேடுவதை விட்டு ஓடி வருகிறது. காலைக் குளிரில் இரை தேடக் கிடைக்கும் சில மணி நேரமே அதன் முழு வருமானம். அதில் கைவைப்பது ரசனையும் அல்ல, நாகரிகமும் அல்ல.

இந்தப் பறவையைப் பார்க்க இரண்டு இடங்கள் பேர்போனவை. ஒன்று வால்விஸ் பேக்குத் தென்கிழக்கே குய்செப் கரையிலுள்ள ரூயிபாங்க். மற்றது செஸ்ரியத்துக்குப் பக்கத்திலுள்ள எலிம் மணல்மேடு. போகிறவர்கள் பனி விலகுமுன் போய்ச் சேர வேண்டும், வண்டியைச் சாலையிலேயே விட வேண்டும், கைபேசியை அணைத்துவிட வேண்டும்.