விகாரத்தின் முன் நிற்றல்

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இலக்கியம், ஓவியம், திரைப்படம் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்து, ஆங்கிலத்தில் 'குரோட்டெஸ்க்' எனப்படும் விகாரச் சுவையைத் தனிப்பாடமாகப் பயில்கின்றனர். இதனைக் கேள்வியுறும் இறையியல் மாணவர், அருவருப்பானவற்றில் ஆராய்வதற்கு என்ன உண்டு என வினவக்கூடும். அவ்வினா இகழத்தக்கதன்று, திருச்சபையின் மிகப் பழைய வினாக்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் விகாரத்தை நோக்கப் பழகாத கண், துன்புறும் மனிதனின் உடலையும் நோக்க மறுக்கும் என்பது நம் கருத்து. அதனைச் சில படைப்புகளை முன்வைத்து ஆராய முற்படுகிறோம்.

1. சொல்லும் பொருளும்

ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் எழுப்பிய பொன்மாளிகை, காலப்போக்கில் மண்ணுள் புதைந்தது. 1480-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் கூடங்கள் கண்டறியப்பட்டபோது, ஓவியர்கள் கயிற்றைப் பற்றி உள்ளே இறங்கினர். செடிகொடிகளினின்று முளைக்கும் மனிதரையும், இலைகளாக முடியும் விலங்குகளையும் சுவர்களில் கண்டு படியெடுத்தனர். அக்கூடங்கள் குகைகளை ஒத்திருந்தமையால், குகையைக் குறிக்கும் 'குரோட்டா' என்னும் இத்தாலியச் சொல்லினின்று அவ்வகை ஓவியத்திற்குப் பெயர் பிறந்தது. அலங்காரத்தின் பெயராகத் தோன்றிய அச்சொல், நாளடைவில் அச்சத்தையும் நகைப்பையும் ஒருங்கே எழுப்பும் உருக்கள் அனைத்தையும் குறிக்கலாயிற்று.

தமிழில் இதற்கு முற்றிலும் நிகரான ஒரு சொல் இல்லை எனினும், பொருள் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் நகை, இளிவரல், மருட்கை, அச்சம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் மோதுமிடத்துப் பிறப்பதே இச்சுவை எனலாம். இளிவரல் தோன்றும் நிலைக்களன்களுள் மூப்பையும் பிணியையும் அவர் முதற்கண் வைப்பதும், நகை தோன்றுமிடங்களுள் எள்ளலை முதற்கண் வைப்பதும் நாம் ஊன்றி நோக்கத்தக்கன. பிணியுற்றவனைக் கண்டு முகஞ்சுளித்தலும், அவனை எள்ளி நகைத்தலும் மனித இயல்பில் எத்துணை அருகருகே உள்ளன என்பதை இவை உணர்த்துகின்றன.

2. பெர்னார்டின் வினா

கிளேர்வோ மடத்தின் தலைவராயிருந்த பெர்னார்டு, 1125-ஆம் ஆண்டளவில் வில்லியம் என்னும் மற்றொரு மடத்தலைவருக்கு எழுதிய நூலில், துறவியர் அமர்ந்து படிக்கும் தாழ்வாரங்களில் செதுக்கப்பட்டிருந்த விகார உருக்களைக் கடிந்துரைத்தார். குரங்குகளும், பாதி மனிதரும், ஒரே தலையின்கீழ்ப் பல உடல்களும் தேவ தியானத்திற்கு எவ்வாறு துணைபுரியும் என்பது அவர் வினா. துறவியரின் கண்கள் ஏட்டை விட்டுக் கல்லை வாசிக்கத் தொடங்கும் என அஞ்சினார். ஏழைகளுக்குரிய பொருள் கல்லில் விரயமாகிறது என்றும் வருந்தினார்.

இவற்றுள் பின்னையது இன்றும் நம் ஆலயக் கட்டடக் குழுக்கள் விடையிறுக்கவேண்டிய குற்றச்சாட்டு. முன்னையதைக் குறித்து ஒன்று கூறலாம். அவ்வுருக்களை அவர் அத்துணை நுணுக்கமாக வருணிப்பதை நோக்குமிடத்து, அவரும் அவற்றின்முன் நெடுநேரம் நின்றிருத்தல் வேண்டும் எனத் தோன்றுகிறது. விகாரத்தின் ஈர்ப்பு அதனைக் கண்டிப்போரையும் விடுவதில்லை.

நம் நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இருவர் இதற்கு வெவ்வேறு விளக்கங்கள் தந்தனர். ஜெர்மானியரான வொல்ஃப்காங் கைசர், 1957-இல் வெளியிட்ட நூலில், நாம் நன்கறிந்த உலகு திடீரென அந்நியமாகி நம்மை அச்சுறுத்துவதே விகாரம் என்றார். ரஷ்யரான மிகயீல் பக்தின், ரபலேயைப் பற்றிய தம் ஆய்வில், விழாக்கால மக்களின் சிரிப்பை அதில் கேட்டார். உண்டு, பெருத்து, ஈன்று, மடிந்து, மீண்டும் முளைக்கும் உடலின் கொண்டாட்டம் அது என்றார். 1946-இல் அவர் இவ்வாய்வைத் தேர்வாளர் முன் வைத்தபோது கடும் வாதம் எழுந்தது. உயர் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் குறைந்த பட்டமே கிடைத்தது. நூல் 1965-இல்தான் அச்சேறியது. பல்கலைக்கழகமும் விகாரத்தை எளிதில் வரவேற்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

அச்சம், சிரிப்பு என்னும் இவ்விரு விளக்கங்களிலும் உண்மை உண்டு. ஆயின் நோயாளியின் உடல் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. அதற்கு நாம் வேறிடம் செல்லவேண்டும்.

3. இசன்ஹைம் பலிபீட ஓவியம்

மத்தியாஸ் குரூன்வால்டு 1512-க்கும் 1516-க்கும் இடையே தீட்டிய இவ்வோவியத் தொகுதி, இன்று பிரான்சு நாட்டின் கோல்மார் நகரில் உன்ட்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. முதலில் அது அந்தோனியர் துறவற அவையினர் இசன்ஹைமில் நடத்திய மடத்திற்குரியது. 'அந்தோனியாரின் தீ' என மக்கள் அஞ்சிய நோய் கண்டோரை அம்மடத்தார் பேணினர். ரை என்னும் தானியத்தில் படரும் பூஞ்சையால் வருவது அந்நோய். கைகால்கள் தீயிட்டாற்போல் எரியும், கறுக்கும், இறுதியில் அழுகி விழும். இந்நோயாளிகளே இவ்வோவியத்தின் முதற் பார்வையாளர்.

அவர்கள் கண்ட சிலுவையில் தொங்குபவர் அழகுடையவரல்லர். மேனி பச்சைபாரித்து, எங்கும் முட்கள் தைத்து, புண்பட்டுள்ளது. விரல்கள் வலியால் விறைத்து விரிந்துள்ளன. பாதங்கள் திரிந்து தொங்குகின்றன. ஏசாயாவின் துன்புறும் தாசனைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று வாசிக்கிறோம். ஆனால் நம் ஆலயங்களில் தொங்கும் படங்களிலோ சீவிய தலைமயிரும் வெண்ணிற மேனியும் கொண்ட ஒருவரையே காண்கிறோம். குரூன்வால்டு, நாம் வாசித்து மறப்பதைத் தீட்டியவர்.

சிலுவையின் மறுபக்கம் யோவான் ஸ்நானன் நின்று நீண்ட விரலால் சுட்டுகிறார். கார்ல் பார்த் தம் மேசைக்கு மேல் இவ்வோவியத்தின் படியை வைத்திருந்தார் என்பதும், சாட்சியின் இலக்கணத்தை அவ்விரலில் கண்டார் என்பதும் நம் மாணவர் அறிந்தவை. அவ்விரலைப் பற்றி நாமும் பல பிரசங்கங்கள் செய்துள்ளோம். ஆனால் விரல் சுட்டும் உடலைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் செய்தோம்?

தொகுதியின் கதவுகளை முற்றிலும் திறந்தால் அந்தோனியாரின் சோதனை காணப்படும். பேயுருக்கள் முதியவரின் தலைமயிரைப் பற்றி இழுக்கின்றன. கீழே இடப்புறத்து மூலையில் வயிறு வீங்கி, உடலெங்கும் புண்ணாகி ஓர் உரு சாய்ந்து கிடக்கிறது. அது பேயா, நோயாளியா என உறுதியாகக் கூறல் அரிது. அந்நோயின் குறிகளை ஆய்வாளர் பலர் அதில் கண்டுள்ளனர். எதிர்மூலையில் ஒரு தாள் வரையப்பட்டுள்ளது. தாம் புண்பட்டு வருந்துகையில் இயேசு எங்கிருந்தார், ஏன் வந்து குணமாக்கவில்லை என்னும் அந்தோனியாரின் முறையீடு அதில் எழுதப்பட்டுள்ளது. நோயாளிகளைப் பேணிய மடம், அவர்களின் முறையீட்டை அழித்துவிடாமல் பலிபீடத்திலேயே எழுதி வைத்தது. உயிர்த்தெழுதலைக் காட்டும் பலகையில் கிறிஸ்துவின் தோல் மாசற்று ஒளிர்கிறது. ஆனால் ஆணிக்காயங்கள் கைகளில் நிலைத்திருக்கின்றன. விகாரம் இங்கே மறைக்கப்படவுமில்லை, இறுதிச் சொல்லாக்கப்படவுமில்லை.

4. கதையும் திரையும்

அமெரிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானர், விகாரக் கதைமாந்தரைத் தாம் படைப்பதன் காரணத்தை 1960-இல் ஓர் உரையில் விளக்கினார். ஒருவனைக் குறையுற்றவன் என அறிவதற்கு முழுமனிதன் யார் என்னும் கருத்து வேண்டும் என்பதும், அமெரிக்கத் தென்னகத்தில் அக்கருத்து இறையியல் சார்ந்தது என்பதும் அவர் வாதத்தின் சாரம். 1964-இல் வெளிவந்த 'வெளிப்பாடு' என்னும் அவரது கதையில், மருத்துவரின் காத்திருப்பு அறையில் அமர்ந்து பிறரைத் தரம்பிரிக்கும் பக்திமிக்க பெண்மணியின்மீது, அழகற்ற ஒரு பெண் புத்தகத்தை வீசுகிறாள். கதை முடிவில் பரலோகம் நோக்கிச் செல்லும் ஊர்வலத்தில் இழிந்தோர் முன்செல்ல, அப்பெண்மணியின் இனத்தார் கடைசியில் வருகின்றனர். விகாரம் யாரிடம் இருந்தது என்பதை வாசகர் தாமே கண்டுகொள்ளவேண்டும்.

திரைப்படத்தில் இவ்வறம் எளிதில் தவறுகிறது. டாட் பிரவுனிங் 1932-இல் எடுத்த 'ஃப்ரீக்ஸ்' படத்தில், காட்சிக்கூடங்களில் வாழ்ந்த உடற்குறையுற்றோர் தாமே நடித்தனர். அவர்கள் உண்பதும் உறவாடுவதும் இயல்பாகக் காட்டப்படும் பகுதிகள் மேன்மையானவை. ஆனால் தீயவளான அழகியை இறுதியில் உருச்சிதைத்து அப்படம் தண்டிக்கிறது. உடற்குறை குற்றமன்று எனத் தொடங்கியது, அதுவே தண்டனை என முடிகிறது.

டேவிட் லிஞ்ச் 1980-இல் எடுத்த 'யானை மனிதன்' அதனினும் கனிவானது. ஜோசப் மெரிக் (1862–1890) என்பவரின் வாழ்வைத் தழுவிய அப்படம், அவர் முகத்தை நெடுநேரம் நமக்குக் காட்டாமலே வைத்து, நம் ஆவலையே நமக்குக் குற்றமாகக் காட்டுகிறது. மருத்துவமனைத் தலைவர் அவரை ஏற்கத் தயங்குகையில், அவர் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்கிறார். யாரும் கற்பித்திராத பகுதியையும் சொல்கிறார். உடனே அத்தலைவர் மனம் மாறுகிறார். நம் கண்களும் நனைகின்றன. ஆயின் இங்கேதான் நாம் தயங்கவேண்டும். சங்கீதம் சொல்லத் தெரியாதிருந்தால் அவர் மனிதரல்லரோ? இசன்ஹைமின் மூலையில் கிடக்கும் உரு எச்சங்கீதமும் சொல்லவில்லை. தன் தகுதியை மெய்ப்பிக்கவில்லை. அது அங்கே இருக்கிறது, அவ்வளவே.

5. நமக்குரியது

ஆகவே விகாரப் படைப்பை மதிப்பிட ஓர் அளவுகோலை முன்மொழிகிறோம். அது நம்மைத் துன்புறுவோனுக்கு மேலே நிறுத்துகிறதா, அருகே நிறுத்துகிறதா? மேலே நிறுத்துவது வேடிக்கை. இரக்கத்தின் உடையிலும் அது வரும். அருகே நிறுத்துவதே இறையியல் மாணவர் பயிலத்தக்கது.

இது வகுப்பறையோடு முடிவதன்று. மருத்துவமனைக் கட்டிலருகே சென்று, நோயாளியின் முகத்தை நோக்காது புத்தகத்தை நோக்கியே ஜெபித்துத் திரும்பும் இளம் ஆயர்களை நாம் கண்டதுண்டு. நாமும் அவ்வாறு திரும்பியதுண்டு. புண்ணின் நாற்றம் தாளாமல் ஆசீர்வாதத்தைச் சுருக்கியதும் உண்டு. அந்நாட்களில் குரூன்வால்டின் ஓவியத்தை எவரேனும் நம்மிடம் காட்டி, ஒரு மணிநேரம் அதன்முன் இருக்கச் செய்திருந்தால், கட்டிலருகே சற்றுக் கூடுதலாக நின்றிருப்போம் என்றே எண்ணுகிறோம்.