வெளுத்த ஃபைபர் படகும் ஒரு பாலிஷரும்

பழைய ஃபைபர் படகின் விலாவில் கையைத் தேய்த்தால் உள்ளங்கையில் ஒரு பொடி ஒட்டும். பலரும் அதைத் தூசி என்று நினைத்துக் கழுவிவிட்டு, காய்ந்ததும் பார்த்தால் படகு முன்போலவே வெளுத்துக் கிடக்கிறதே என்று அலுத்துக்கொள்வார்கள். அது தூசி இல்லை, படகின் மேல்பூச்சே உதிர்கிறது. ஃபைபர் படகுக்கு நிறம் தருவது பெயின்ட் அல்ல. அச்சில் முதல் அடுக்காகப் பூசப்படும் ஜெல்கோட் என்ற பாலியெஸ்டர் ரெசின்தான். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு மேலடுக்கு ரெசின் சிதைந்துவிட, பிடிப்பு போன நிறமி பொடியாகிறது. சிவப்பிலும் கருநீலத்திலும் இந்த வெளுப்பு சீக்கிரமே கண்ணை உறுத்தும்.

ஆகவே பளபளப்பை மீட்பது என்றால் எதையோ பூசுவதல்ல, செத்த அடுக்கைச் சீவி எடுப்பது. அதற்கான கருவிதான் ரோட்டரி பாலிஷர். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நண்பர் ஒருவர் வெட்டவெளியில் போட்டிருந்த நீல நிற உல்லாசப் படகில் 180 மி.மீ. தட்டு கொண்ட ஒன்றை ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவ வேண்டும். உப்பும் மணலும் ஒட்டியிருக்க மெஷினை வைத்தால் கீறல்தான் மிச்சம். கழுவும்போதே ஒரு சோதனையும் முடிந்துவிடுகிறது. ஈரமாக இருக்கையில் பழைய நிறம் எட்டிப்பார்த்தால் காம்பவுண்டு எனும் தேய்ப்புப் பசையே போதும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் 800, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரில் இறங்க வேண்டும். கண்ணாடி இழையே தெரிகிறதென்றால் பாலிஷரை எடுத்து வைத்துவிடுங்கள். அங்கே சீவ ஒன்றும் இல்லை, புதுப் பூச்சுதான் வழி.

மக்கிட்டா, போஷ் போன்றவர்கள் விற்கும் இந்த ரக மெஷின்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று வரை போகும். அந்த வேகம் நமக்குத் தேவையே இல்லை. கம்பளி பேடில் 1200லிருந்து 1800க்குள் வைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டடிக்கு இரண்டடி கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். காம்பவுண்டைப் பேடால் தொட்டுப் பரப்பி, அதன் பிறகே சுவிட்சைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாதி சட்டையில் இருக்கும். முதல் சுற்றில் நீலக் குழம்பாக வழிகிறது. மெல்ல அது வற்றி, மங்கலுக்கு அடியிலிருந்து கருநீலம் தெரியத் தொடங்குகிறது. மாஸ்கிங் டேப்பை உரித்ததும் கோட்டுக்கு இந்தப் பக்கம் என் முகம் தெரிந்தது, அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர்.

ரோட்டரியின் பலமும் ஆபத்தும் சூடுதான். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஜெல்கோட் கருகும். விளிம்புகளில் பூச்சு மெலிதாக இருப்பதால் அங்கே டேப் ஒட்டிவிட்டுக் கையால் தேய்ப்பதே மேல். உச்சி வெயிலில் காம்பவுண்டு நொடியில் காய்ந்துபோகும், காலையில் தொடங்குங்கள். இரட்டை இயக்க பாலிஷர் இவ்வளவு சூடாக்காது, சுழி வடுவும் விடாது. ஆனால் முற்றிய வெளுப்பில் அதை வைத்து மாளாது. ஆங்கிள் கிரைண்டரில் கம்பளியை மாட்டிச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு: அது 11,000 சுற்று வரை போகும், வேண்டாம்.

குறைகளும் உண்டு. மெஷின் மூன்று கிலோவை ஒட்டி வரும். அணியத்தின் வளைவில் தூக்கிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். கடற்கரையில் கரன்ட் கிடைக்காது, ஜெனரேட்டர் தேட வேண்டும். பறக்கும் பொடிக்கு மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம். முடித்த பிறகு வாக்ஸ் பூசாமல் விட்டால், சீவிய பரப்பு மறுபடி வெயிலிடம்தான் போகும். நம் வெயிலில் அந்த வாக்ஸும் சில மாதம்தான்.

துடைத்தாலே பளபளக்கும் என்று விற்கும் அக்ரிலிக் பூச்சுகளையும் ஒரு பக்கத்தில் அடித்துப் பார்த்தேன். நான்கைந்து கோட்டில் ஜொலிக்கத்தான் செய்கிறது, தோளும் வலிக்கவில்லை. ஆனால் அது மங்கலை மூடுகிறது, நீக்குவதில்லை. பின்னாளில் உரிந்தால் திட்டுத்திட்டாக நிற்கும், முழுக்கக் கரைத்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச முடியும்.

மணலில் தினம் இழுபடும் மீன்பிடிப் படகுக்கு இந்தச் செலவு வீண். அதற்கு நல்ல பெயின்டே போதும். உல்லாசப் படகும் சுற்றுலாப் படகும் வைத்திருப்பவர்களுக்கு ரோட்டரிதான் என் பரிந்துரை. ஒரே ஒரு படகுதான் என்றால் மெஷினை வாங்காதீர்கள். கார் டீட்டெய்லிங் கடையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். காம்பவுண்டை மட்டும் அவர்களிடம் வாங்காமல் ஜெல்கோட்டுக்கென்றே விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.