அடுப்படியை யார் சேமிப்பது?

மரிசா ஷைன்ஃபெல்டின் ‘போர்ஷ்ட் பெல்ட்’ புகைப்பட நூலில் (2016) ஒரு படத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. மூடப்பட்டுப்போன கிராஸிங்கர்ஸ் ஹோட்டலின் உள்ளரங்க நீச்சல்குளம். நீர் இல்லை. தரையெங்கும் பாசி, செடிகள். அழகான படம். அந்த அழகுதான் எனக்கு உறுத்தியது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் கேட்ஸ்கில் மலைப்பகுதி. 1877இல் சரட்டோகாவின் கிராண்ட் யூனியன் ஹோட்டல், ஜோசப் செலிக்மன் என்ற பெரும் வங்கியாளருக்கு, யூதர் என்பதற்காக அறை தர மறுத்தது. செலிக்மனுக்கே அந்தக் கதி என்றால் தையல் பட்டறையில் உழைத்தவர்கள் எங்கே போவார்கள்? தங்களுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். விளைச்சல் கைகொடுக்காத பண்ணைகளில் விருந்தினரைத் தங்கவைத்தார்கள். 1914இல் கிராஸிங்கர் குடும்பம் தொடங்கியதும் அப்படித்தான். பின்னாளில் அதற்கென்று தனி விமான ஓடுதளமும் தபால் நிலையமும் இருந்தன. அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஹோட்டல்கள் எழுந்தன. கிழக்கு ஐரோப்பியரின் பீட்ரூட் சூப்பான போர்ஷ்ட்டை வைத்து இந்த வட்டாரத்துக்கே கேலியும் செல்லமுமாக ஒரு பேர் விழுந்தது.

அப்புறம் ஏசி வந்தது, விமானக் கட்டணம் குறைந்தது. முன்பு உள்ளே விடாத ஹோட்டல்களும் யூதர்களுக்குத் திறந்தன. கிராஸிங்கர்ஸ் 1986இல் மூடியது, கான்கார்ட் 1998இல். கட்ஷர்ஸ் 2013 வரை தாக்குப்பிடித்தது.

இப்போது எல்லாரும் அதைச் சேமிக்கக் கிளம்பியிருக்கிறார்கள். ஊர் ஊராக வரலாற்றுப் பலகைகள் நடப்படுகின்றன. எல்லன்வில்லில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகம் உருவாகிறது. நல்ல காரியம்தான். ஆனால் இந்தச் சேமிப்பில் முன்னுக்கு வருவது எது என்று பாருங்கள்: மேடை, மைக், மெல் ப்ரூக்ஸ், ஜோன் ரிவர்ஸ். சாப்பாட்டு மேசையும் வரும், சமைத்த கை வராது. ‘டர்ட்டி டான்சிங்’ (1987) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை 1963ஆம் ஆண்டுக் கோடையில் கேட்ஸ்கில்லில் நடக்கிறது, படப்பிடிப்போ வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும். இடமே மாறினாலும் யாருக்கும் உறுத்தவில்லை. நினைவில் வேண்டியிருந்தது நடனம்தான் போலிருக்கிறது.

வில் ஐஸ்னரின் சித்திரக் கதை நூலான ‘எ கான்ட்ராக்ட் வித் காட்’ (1978) நான்கு கதைகள் கொண்டது. கடைசிக் கதையின் பேர் ‘குக்கலைன்’. இத்திஷ் மொழிச் சொல், ‘தானே சமைத்துக்கொள்வது’ என்று பொருள். ஹோட்டலுக்குக் காசில்லாத குடும்பம் ஒரே ஒரு அறையை வாடகைக்கு எடுக்கும். சமையலறை எல்லாருக்கும் பொது. அம்மாக்கள் பிள்ளைகளோடு கோடை முழுக்க அங்கே இருப்பார்கள். வேலைக்குப் போகும் அப்பாக்கள் வார இறுதியில் வந்துபோவார்கள். அதாவது லீவு என்பது அம்மாவுக்கு வேறொரு அடுப்பு, அவ்வளவுதான்.

ஐஸ்னர் இதை இனிப்பாக்கவில்லை. பிராங்க்ஸ் குடியிருப்பிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் தங்கள் வீட்டுச் சண்டையையும் கூடவே மூட்டைகட்டிக்கொண்டு போகிறார்கள். அம்மா பிள்ளைகளோடு மலையில் இருக்க, அப்பாவுக்கு நகரத்தில் வேறொரு பெண். பணக்காரனாக வேஷம் போட்ட ஒருவன், பணக்காரியாக வேஷம் போட்ட பெண்ணின் குட்டு வெளிப்பட்டதும் அவளைச் சீரழிக்கிறான். கதையின் பதின்வயதுப் பையனிடம் தன் சொந்த இளமை இருப்பதாக ஐஸ்னரே சொல்லியிருக்கிறார். ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கிறவன் இதையெல்லாம் விட்டுவிடுவான். ஐஸ்னர் விடவில்லை. அதனால்தான் அந்தக் கோடைக்கு நம்பகமான சாட்சி எது என்று கேட்டால் இந்தக் கதையைக் காட்டுவேன்.

சமூகவியலாளர் ஃபில் பிரவுன் 1990களில் தொடங்கிய கேட்ஸ்கில்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம் நிற்கிறது. அவருடைய பெற்றோர் சிறு ஹோட்டல் ஒன்றை நடத்தினார்கள், பிறகு பிறரது ஹோட்டல்களில் வேலை பார்த்தார்கள். அவரும் அங்கே உணவு பரிமாறியவர். ஆகவே மெனு அட்டையையும் விளம்பரத் தாளையும் சேர்க்கும்போதே, தட்டு தூக்கியவர்களின் நினைவுகளும் அவருக்கு ஆவணமாகின்றன.

ஷைன்ஃபெல்ட்மேல் இத்தனை குறை சொல்வது நியாயமா? அவர் அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். வரலாற்றுப் பலகைத் திட்டத்தின் பின்னால் இருப்பவரும் அவர்தான். கிராஸிங்கர்ஸின் பெரும்பாலான கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டன. அவர் எடுத்திருக்காவிட்டால் அந்தப் பாசிகூட நமக்கு மிஞ்சியிருக்காது. இதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: வெறிச்சோடிய அறைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றிவிடும். முடியவில்லை. சல்லிவன் கவுண்டியின் பங்களா குடியிருப்புகளுக்கு ஹசிடிக் யூதக் குடும்பங்கள் இன்றும் கோடைதோறும் வருகின்றன. சவுத் ஃபால்ஸ்பர்க்கில் பழைய ஹோட்டல்கள் சிலவற்றை சித்த யோக ஆசிரமம் எடுத்துக்கொண்டது. கட்டடம் போனாலும், வேறு ஆட்களோடு, வேறு சாப்பாட்டோடு அந்த மலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் மேடை இருக்கட்டும், மைக்கும் இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு பொதுச் சமையலறையையும் வைக்கச் சொல்வேன், யாருடைய பாத்திரம் எந்த அடுப்பில் என்று அம்மாக்கள் சண்டை போட்டுக்கொண்ட மாதிரியான ஒன்றை. லீவுக்கு வந்தும் லீவு கிடைக்காத அந்தப் பெண்களைத் தவிர்த்துவிட்டு அந்தச் சிரிப்பை மட்டும் சேமித்தால், பாதி வரலாறுதான் கைக்கு வரும்.