காட்கோபரில் ரேஷன்: பட்டியலுக்கு வெளியே நிற்கும் ஏழைகள்

மும்பையின் காட்கோபர் கிழக்கில் உள்ள காமராஜ் நகர், மேற்கின் அசல்ஃபா போன்ற குடிசைப் பகுதிகளில் அரசின் உணவு உதவி பெரும்பாலும் ரேஷன் கடை வழியாகவே வீடு சேர்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தையும், மிக வறிய அந்த்யோதயா குடும்பங்களுக்கு 35 கிலோவையும் உரிமையாக்கியது. கிலோ அரிசிக்கு 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய் என்றிருந்த விலையும் 2023 ஜனவரியிலிருந்து இல்லை. வாடகையே கூலியில் பாதியைத் தின்றுவிடும் நகரத்தில், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 25 கிலோ இலவசமாகக் கிடைப்பது பெரிய ஆதரவு.

அந்த உரிமை யாருக்கு என்று வகுத்ததில்தான் கோளாறு. 1943இல் பம்பாயில் தொடங்கிய ரேஷன் முறை ஏழை, பணக்காரர் என்று பிரிக்கவில்லை. 1997இல் வறுமைக்கோட்டை அளவாகக் கொண்ட இலக்கு முறை வந்தது. மகாராஷ்டிரத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான மஞ்சள் கார்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 15,000 ரூபாய். பல லட்சம் பேர் வாழும் தாராவியில் அப்போது வறுமைக்கோட்டுக்குக் கீழ் எனக் கணக்கிடப்பட்டவை 151 குடும்பங்கள்தான் என்று பொருளியலாளர் மதுரா சுவாமிநாதன் எழுதியிருக்கிறார். ஓர் அளவுகோல் எவ்வளவு பொய்யாக முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக மகாராஷ்டிர அரசு வகுத்த நகர்ப்புற ஆண்டு வருமான வரம்பு 59,000 ரூபாய். அதாவது, முழுக் குடும்பத்துக்கும் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. வீட்டுவேலைக்குப் போகும் மனைவி, கட்டட வேலைக்குப் போகும் கணவர் என இருவர் சம்பாதித்தாலே வருமானம் இதைக் கடந்துவிடும். அந்த வரம்புக்கு மேல், ஒரு லட்சம் வரை வருமானமுள்ளவர்களிடம் கேசரி (காவி நிற) கார்டு இருக்கும். மாதாந்தரத் தானியம் இருக்காது. 2020 ஊரடங்கின்போது இவர்களுக்கும் கிலோ கோதுமை 8 ரூபாய்க்கும் அரிசி 12 ரூபாய்க்கும் கொடுக்கப்பட்டது. இவர்களும் பசிக்கு அருகில் வாழ்பவர்களே என்று அரசு அன்று ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு ஊரடங்கோடு முடிந்துபோனது நியாயமில்லை. வரம்புக்குள் வந்தாலும் இடம் உறுதியில்லை. மாநிலத்தின் ஒதுக்கீடு 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 7 கோடிப் பேரோடு நிற்பதால், பழைய பெயர்கள் நீங்கினால்தான் புதியவை சேரும்.

பட்டியலில் உள்ளவர்களுக்கும் தடை உண்டு. கடையின் விற்பனைக் கருவியில் விரல் வைத்து வாங்கும் முறை போலிப் பெயர்களையும் கடைக்காரரின் திருட்டுக் கணக்கையும் குறைத்தது. ஆனால் பாத்திரம் தேய்த்தும் சிமென்ட் குழைத்தும் ரேகை மழுங்கிய கைகளை அந்தக் கருவி அடிக்கடி மறுக்கிறது.

‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ ஏற்பாட்டால் வெளிமாநிலக் கார்டை வைத்துக் காட்கோபரிலும் தானியம் வாங்கலாம். புலம்பெயர்ந்த தொழிலாளருக்கு இது உண்மையான முன்னேற்றம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாடு 2011 ஜூன் முதல் எல்லா அரிசி கார்டுகளுக்கும் இலவச அரிசி தருகிறது. அவற்றுள் முன்னுரிமையற்ற கார்டுகளுக்கான செலவு மாநிலத்தினுடையது. மத்தியச் சட்டத்துக்குள் வராத அந்தக் கார்டு மும்பையில் செல்லாது. அத்தகைய கார்டில் திருநெல்வேலியில் அரிசி பெற்ற குடும்பம், காட்கோபரில் மகாராஷ்டிரப் பட்டியலில் சேரும்வரை கடைவிலைக்கே அரிசி வாங்க வேண்டியிருக்கிறது.