லோரா படியேறும் ஓசை

டென்னஸி வில்லியம்ஸின் 'த கிளாஸ் மெனாஜரி' நமக்கு முற்றிலும் அந்நியமான நாடகமல்ல. க. பாலேந்திராவின் நெறியாள்கையில், 'கண்ணாடி வார்ப்புகள்' என்ற பெயரில், 1970களின் பிற்பகுதியில் இலங்கையில் தமிழில் மேடையேறியது. அதைப் பார்த்த மூத்த வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு வாடகை வீடு. கணவன் விட்டுப்போன அமண்டா, சப்பாத்துக் களஞ்சியத்தில் வேலை செய்யும் மகன் டொம், கால் ஊனமான மகள் லோரா. லோராவுக்குத் துணை கண்ணாடி மிருகங்கள். டொம் ஒருநாள் ஜிம் என்ற நண்பனை இராச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறான். தாய்க்கு அது பெண் பார்க்கும் படலம். ஜிம்முக்கோ ஏற்கனவே பெண் இருக்கிறாள். பிறகு டொம்மும் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். முழு நாடகமுமே அவனுடைய நினைவுதான்.

2017 மார்ச்சில் நியூயோர்க்கின் பெலாஸ்கோ அரங்கில் சாம் கோல்ட் இதை நெறிப்படுத்தியபோது பெரும் வாக்குவாதம் எழுந்தது. வீட்டைக் காட்டும் காட்சியமைப்பு எதுவுமில்லை. வெறும் மேடை, ஒரு மேசை, சில கதிரைகள். அமண்டாவாக செலி ஃபீல்ட். டொம்மாக ஐம்பதைத் தாண்டிய ஜோ மன்டெல்லோ. லோராவாக மடிசன் ஃபெரிஸ். தசைச் சிதைவு நோயினால் நிஜ வாழ்விலும் சக்கர நாற்காலி பாவிக்கும் இளம் நடிகை. தொடக்கத்திலேயே அவர் பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடைக்குப் போக வேண்டும். நாற்காலியை விட்டிறங்கி, கைகளையும் கால்களையும் ஊன்றி, படிபடியாகத் தன் உடம்பை ஏற்றுகிறார். நாற்காலியைத் தாய் இழுத்துக்கொண்டு போகிறாள். சபை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் இதை நேரில் பார்த்தவனல்லன். பிரதியையும் படங்களையும் அதுபற்றி எழுதப்பட்டவற்றையும் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

எதிர்த்தவர்களின் வாதம் லேசானதல்ல. பிரதியில் லோராவின் ஒரு கால் மற்றதைவிடச் சற்றே கட்டை. அதை மேடையில் சாடையாகக் காட்டினாலே போதும் என்று வில்லியம்ஸே குறிப்பு எழுதியிருக்கிறார். அவளை முடக்குவது காலல்ல, கூச்சம். தட்டச்சு வகுப்புக்குப் போகாமல் குளிரில் பூங்காவிலும் மிருகக்காட்சிச் சாலையிலும் நடந்து திரிந்தவள் அவள். சக்கர நாற்காலியில் ஒருத்தியை வைத்துவிட்டு இந்த வசனங்களை எப்படிப் பேசுவது? உனக்குத் தாழ்வு மனப்பான்மைதான் என்று ஜிம் சொல்லும்போது அவனுக்குக் கண் தெரியாதா என்றல்லவா கேட்கத் தோன்றும்?

ஆதரித்தவர்களோ, ஊனமுற்ற பாத்திரத்தை ஊனமுற்றவரே நடிக்க ஒரு வாய்ப்பாவது கிடைத்ததே என்றார்கள். சரியான நியாயம். ஆனால் அது தொழில் வாய்ப்புப் பற்றிய நியாயம். நாடகத்துக்குள்ளே நிற்கிற நியாயம் வேறொன்று இருக்கிறது.

லோரா ஜிம்மிடம் பள்ளிக்கூட நாட்களை நினைவுகூரும் இடத்தைப் பாருங்கள். இசை வகுப்புக்கு அவள் பிந்தித்தான் வருவாள். எல்லாரும் பார்க்க இருக்கைகளைத் தாண்டி ஏறிப் போகவேண்டும். காலில் பூட்டிய இரும்பு இடிபோலச் சத்தம் போட்டதாக அவளுக்கு ஞாபகம். தனக்கு அது கேட்கவேயில்லை என்கிறான் ஜிம். அவளுடைய முழுத் துயரமும் அந்தச் சில அடிகளில்தான் இருக்கிறது. கோல்ட் அந்த நடையைக் கதையின் நடுவிலிருந்து உருவி எடுத்து முகப்பில் வைத்துவிட்டார். கேட்கவேயில்லை என்று சொல்ல இனிச் சபையில் எவருக்கும் வழியில்லை.

இன்னுமொன்று. வில்லியம்ஸின் அக்கா ரோஸ்தான் லோராவின் மூலம் என்பது எல்லாரும் அறிந்தது. 1943இல் ரோஸுக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்தார்கள்; அதன்பின் அவள் பழைய ரோஸாகத் திரும்பவேயில்லை. மறுவருட இறுதியில் இந்த நாடகம் சிகாகோவில் மேடையேறியது. அக்காவுக்கு நடந்ததைத் தம்பியால் எழுத முடியவில்லை. ஒரு சின்ன நொண்டலாக அதைச் சுருக்கி எழுதினார் என்றுதான் நான் வாசிக்கிறேன். பிரதிக்குள் அமண்டா செய்வதும் இதுதானே. ஊனம் என்ற சொல்லை வீட்டில் எடுக்கவே விடமாட்டாள். சிறு குறை, வெளியே தெரியவே தெரியாது என்பாள். ஃபெரிஸின் உடம்புக்கு முன்னால் செலி ஃபீல்ட் இதைச் சொல்லும்போது, தாயின் பாசமும் பொய்யும் ஒன்றாகவே வெளியே வருகின்றன.

எங்கட சாச்சிக்கும் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. மாப்பிள வீட்டார் வாறதுக்கு முந்தியே சாச்சிய கதிரையில இருத்தி வெச்சிடுவாங்க. அவங்க போகும் மட்டும் எழும்பக் கூடாது. "நம்மட புள்ளைக்கு ஒண்டுமில்ல" என்பா மூத்தம்மா. கதவைத் திறக்கச் சொல்லி லோராவையே அனுப்பும் அமண்டா, அந்த வகையில் மூத்தம்மாவைவிடத் துணிச்சல்காரி. பிரதியை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கதவுக் காட்சியில் எனக்கு நெஞ்சு இடிக்கும்.

இவ்வளவு சொல்லியும் கோல்டை முழுதாக ஏற்க என்னால் முடியவில்லை. நினைவு என்பது மங்கலும் மெருகும் கலந்தது. 2013இல் ஜோன் டிஃபனி நெறிப்படுத்திய மேடையேற்றத்தில் வீடு கறுத்த நீரின் நடுவே மிதப்பதுபோல் நின்றது. கோல்ட் அந்த மயக்கத்தை வேண்டுமென்றே கழற்றியெறிந்தார். மயக்கம் போனால் டொம் எதிலிருந்து தப்பி ஓடுகிறான், எது அவனைத் துரத்துகிறது என்பது பிடிபடாது. கடைசியில் மேடையில் மழை கொட்ட, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஜிம்மும் லோராவும் பேசும் காட்சிக்கு மட்டும் அந்த மயக்கம் திரும்பி வருகிறது. அதற்குள் நாடகம் முடியப்போகிறது.

ஜூலை தொடக்கம் வரை ஓடும் என்று அறிவித்திருந்தார்கள். மே 21ஆம் திகதியே நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் செலி ஃபீல்டின் பெயர் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஃபெரிஸின் பெயர் பட்டியலில் இல்லை.