சிலிந்துவுக்குக் கிடைத்த தீர்ப்பு

லெனாட் வுல்ஃப் 1904ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்க உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தவர். முதலில் யாழ்ப்பாணத்திலும், பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றினார். கண்டியில், போகம்பரைச் சிறையிலே கைதிகள் தூக்கிலிடப்படும்போது உடன் நிற்பதும் அவர் கடமையாயிருந்தது. 'காட்டிலுள்ள கிராமம்' எனப் பொருள்படும் தலைப்பில் அவர் 1913இல் வெளியிட்ட ஆங்கில நாவலைக் கானக வருணனைக்காகப் புகழ்வோர் பலர். ஆனால் அதன் நடுப்பொருள் கானகமன்று. ஏழை ஒருவன் செய்த கொலையும் அதற்கு அவன் பெற்ற தண்டனையுமே.

பெத்தேகம என்னும் வறண்ட கிராமத்தில் வேட்டையாடிப் பிழைப்பவன் சிலிந்து. ஊரார் அவனை அரைப் பைத்தியம் என்பர். அவன் சாதுவுமல்லன், இரட்டைப் பெண்குழந்தைகளைப் பெற்ற மனைவியை அடிக்கிறான், அவள் இறந்துபோகிறாள். பின்னாளில் அவன் மகளை அடைய விரும்பும் கடன்கார முதலாளியும் அவனுக்குத் துணைநிற்கும் ஊர்த்தலைவனும் பொய்வழக்கால் அவன் மருமகனைச் சிறைக்கு அனுப்புகின்றனர். சிலிந்து அவ்விருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானே சென்று சரணடைகிறான். மரண தண்டனை விதிக்கப்படுகிறது. பின்னர் அது இருபதாண்டுக் கடூழியச் சிறையாகிறது. குற்றமற்ற மருமகனோ சிறையிலேயே மடிகிறான்.

வுல்ஃபின் பரிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பரிவு, துரத்தப்பட்ட விலங்கின்மேல் வேட்டைக்காரன் கொள்ளும் பரிவாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிலிந்துவின் மந்தபுத்தியை அவர் காட்டின் இயல்பாகக் காண்கிறார். அவர் தரும் விவரங்களோ வேறு கதை சொல்கின்றன. பசியும், தீராக்கடனும், சேனைப் பயிருக்கு மறுக்கப்பட்ட அனுமதியும் சேர்ந்தே அம்மனத்தை முடமாக்கின. ஆசிரியரின் உவமையைவிட அவருடைய விவரங்களே உண்மையானவை.

சிலிந்துவின் உயிரைக் காத்தது நீதிமன்றமன்று, மேலிடத்து ஆணை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் கொலைக்கு மரண தண்டனை ஒன்றே உண்டு. 77ஆம் பிரிவு, சித்த சுவாதீனமின்மையால் தன் செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய இயலாதவனை மட்டுமே விடுவிக்கும். அறிந்தவன், அறியாதவன் என்ற இரு கூட்டுக்குள் எல்லா மனித மனங்களையும் அடைத்துவிடலாமா? இங்கிலாந்து 1957இல், மனக்குறைபாட்டால் பொறுப்புக் குறையும் என்பதைக் கொலைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. மனநோயுற்ற கைதியின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைக்க அந்நோய் தகுந்த காரணமென இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. நமது கோவையில் 'குறைந்த பொறுப்பு' என்ற வாதத்திற்குத் தனியிடம் இல்லை.

மேலிடத்துக் கருணையை நம்பியிருப்பது எத்தகையது? அதே போகம்பரையில், 1975இல், மருசிரா என அறியப்பட்ட சிறிபால மயக்க மருந்தின் மிகுதியால் நினைவிழந்த நிலையில், தூக்குப்படுக்கையிலே கொண்டுவரப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். கொன்றவன் தன் செயலை அறிந்தானா எனக் கேட்கும் சட்டம், கொல்லப்படுபவன் அதை அறிகிறானா எனக் கேட்கவில்லை. 1976க்குப் பின் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் மரண தண்டனை இன்றும் விதிக்கப்பட்டே வருகிறது.

'கொல்லப்பட்டவரின் தாய்க்கு என்ன பதில்?' என்று கேட்கப்படும். கேட்க வேண்டிய கேள்விதான். 2015இல் புங்குடுதீவில் பள்ளி மாணவி ஒருத்தி கொல்லப்பட்டபோது தீவகமெங்கும் எழுந்த சினம் நியாயமானது; அதனை யாரும் சிறுமைப்படுத்தலாகாது. கொலைஞனின் வாழ்வை ஆராய்வது கொலையை மன்னிப்பதாகாது. உண்மையில், ஏழைக்கு இழைக்கப்படும் கொடுமையைக் காணத் தவறுவதும் இதே சட்டந்தான். சிலிந்துவின் மனைவி செத்தபோது எந்த நீதவானும் பெத்தேகமவுக்கு வரவில்லை. முதலாளியும் தலைவனும் செத்தபோதே சட்டம் விழித்தது.

ஆகவே நாம் கோருவது கருணையன்று. தண்டனை விதிக்குமுன், எதிரியின் மனநிலையும் வளர்ந்த சூழலும் திறந்த மன்றிலே ஆராயப்பட வேண்டும். அவற்றை நிறுத்துப் பார்க்கும் அதிகாரம் நீதிபதிக்கு வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாமல் பின்வரிசையில் இருந்து, ஒருநாள் இடாப்பிலிருந்து பெயர் வெட்டப்படும் பிள்ளையைப் பற்றி இன்று நாம் விசாரிக்கவில்லையானால், நாளை ஊர்காவற்றுறை நீதிமன்றக் கூண்டிலேதான் அவனை முதன்முதலாக யாரேனும் விசாரிப்பர்.