அதீத ஆற்றலும் அதன் மூலமும்

அட்டமாசித்தி என்னும் மரபுப் பகுப்பு, அதீத ஆற்றலை அதன் விளைவு கொண்டே எட்டாக வகுத்தது: அணிமா நுண்மையாதல்; மகிமா பேருருக் கொள்ளல். இன்றைய வியூக விளையாட்டுகள் வீரர்தம் ஆற்றல்களை வலிமை, வேகம், மாயம் எனப் பிரிப்பதும் இவ்வழியேயாகும். அவ்வாற்றல் எங்கிருந்து பிறந்தது என்னும் வினா இரண்டிலும் எழவில்லை.

வன்னி நாட்டார் மரபின் அரியாத்தையை இவற்றுள் எதனுள் அடக்குவது? ஆடவர்க்கு அடங்காத யானையைக் கட்டியவள் அவள். அவளது கணவன் வேலப்பணிக்கன். பணிக்கரோ யானை பிடித்தலைத் தொழிலாகக் கொண்டோர். எனவே அவ்வாற்றலை வரமாகவன்றித் தலைமுறைகள் ஈட்டிய தொழிலறிவாகவே நாம் காண்கிறோம். காட்டு யானைகளிடமிருந்து பயிரைக் காத்து வாழும் செட்டிகுளத்து உழவர்க்கு இது விளக்க வேண்டியதொன்றன்று.

பிறப்பு, அருள், உழைப்பு என மூலம் கொண்டு வகுத்தலே பொருத்தமானது. மூலத்தை மறைக்கும் பகுப்பு, உழைப்போர் ஆற்றலை அற்புதமாக்கி அவர்களிடமிருந்தே பறித்துவிடுகிறது.